பரணில் கிடந்த டிஃபையண்ட்: பழைய பிளாஸ்டிக் விமானக் கிட்டைத் தேற்றுவது எப்படி?

மாமா வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு அட்டைப்பெட்டி என் பங்குக்கு வந்தது. ஓரங்களைக் கரையான் அரித்திருந்தது, மூடியில் இருந்த படம் பாதி வெளுத்திருந்தது. உள்ளே ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பழைய கிட், அதாவது பாகங்களை ஒட்டிக் கட்டும் மாடல் விமானம்: போல்ட்டன் பால் டிஃபையண்ட், 1/72 அளவு (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு). முதன்முதலில் 1960-இல் வந்த அச்சு. பாதிப் பாகங்கள், அவற்றைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து கழன்று பெட்டிக்குள் உருண்டுகொண்டிருந்தன. விமானத்தில் ஒட்ட வேண்டிய சின்னங்கள் அச்சிட்ட டிகால் தாள் பழைய ஜாதகம் மாதிரி பழுப்பேறிப் போயிருந்தது. "இதைக் கட்டவா போறே?" என்றார் மாமா. கட்டினேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான், முதன்முதலாகப் பழைய கிட்டைக் கையில் எடுப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அலமாரியில் வைக்க நல்ல டிஃபையண்ட் ஒன்று வேண்டும், அவ்வளவுதான் என்றால் அதே நிறுவனம் 2015-இல் புதிய அச்சில் கொண்டுவந்த கிட்டை வாங்கிவிடுங்கள். பாகங்கள் அழகாகப் பொருந்தும், வேலை பாதிதான். பழையதைக் கட்டுவது வேறு சுகம். இன்னொன்று, உங்கள் கையில் இருப்பது பிரிக்காத, முழுசான பழைய பெட்டி என்றால் கத்தி வைக்கும் முன் விலை விசாரியுங்கள். சேகரிப்பவர்கள் அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கரையான் தின்ற பெட்டியை யாரும் தேட மாட்டார்கள், அதைத் தைரியமாக வெட்டலாம்.

எந்த விமானம், எந்த மாதம்

கட்டப்போகிற விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டு உட்கார்ந்தால் வேலை எளிது. டிஃபையண்ட் இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் சண்டை விமானம், விசித்திரமானது. முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி ஒன்றுகூடக் கிடையாது. விமானிக்குப் பின்னால் ஒரு சுழலும் கண்ணாடிக் கூண்டு. அதைத்தான் டரெட் என்பார்கள். அதில் ஒருவர் உட்கார்ந்து நான்கு பிரவுனிங் துப்பாக்கிகளால் சுடுவார். கூண்டு அவ்வளவு குறுகல் என்பதால் பாராசூட்டைச் சாதாரணமாக மாட்டிக்கொள்ள இடமில்லை. உடையோடு சேர்த்தே தைத்துக் கொடுத்தார்கள்.

இதைப் பறக்கவிட்டவர்களில் முக்கியமானது பிரிட்டிஷ் விமானப்படையின் 264-ஆம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவு. அதன் முழுப்பெயர் '264 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன்'. போர்நிதிக்குச் சென்னை மாகாணம் கொடுத்த பணத்தின் நினைவாக வந்த பெயர். 1940 மே 29 அன்று பிரான்சின் டன்கிர்க் வானத்தில் ஒரே நாளில் 37 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக அவர்கள் கணக்குச் சொன்னார்கள். உண்மை எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு என்று பிற்பாடு தெரிந்தது. ஜூலை 19 அன்று இன்னொரு ஸ்குவாட்ரனின் டிஃபையண்ட்கள் ஒன்பது கிளம்பிப் போய், பெரும்பாலானவை திரும்பவில்லை. முன்பக்கமிருந்தும் அடியிலிருந்தும் தாக்கினால் இதனால் திருப்பிச் சுட முடியாது என்பதை எதிரி கண்டுகொண்டான். ஆகஸ்ட் கடைசியோடு பகல் சண்டையிலிருந்து விலக்கி, கறுப்பு வண்ணம் பூசி இரவுக்கு அனுப்பினார்கள்.

இந்த வரலாறு எதற்கு? எந்த மாதத்து விமானம் என்பதைப் பொறுத்து வண்ணம் மாறும். அதை இப்போதே முடிவு செய்யுங்கள். நான் டன்கிர்க் நாளைத் தேர்ந்தெடுத்தேன், நம்மூர்ப் பெயர் தாங்கிய ஸ்குவாட்ரன் என்பதால்.

மேசையில் என்ன வேண்டும்

வெளிநாட்டுச் சாமான் பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். கூரான கத்தி, சின்ன நிப்பர், இடுக்கி, மாஸ்கிங் டேப். வாட்டர் பேப்பர் 400, 600, 1000, 2000 எண்களில். கார் பெயின்ட் கடையில் கிடைக்கும். மரவேலைக்கான சாதா உப்புத்தாள் வேண்டாம், கீறிவிடும். துணிக் கிளிப், ரப்பர் பேண்ட். சந்துகளை நிரப்ப மாடல் புட்டி. இல்லையென்றால் எம்-சீல் போதும்.

பிளாஸ்டிக் ஒட்டும் பசை மட்டும் ஒழுங்கானதாக இருக்கட்டும். பாலிஸ்டைரீனை லேசாக உருக்கி ஒன்றோடொன்று சேர்ப்பது அது. பிரஷ் வைத்த பாட்டிலில் தண்ணீர்போல வருவதை வாங்குங்கள். ஃபெவிக்விக் உலோகத்துக்கும் அவசரத்துக்கும். பசை, தின்னர் இரண்டுக்கும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆனால் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் பாகங்களைக் கட்டிலுக்கு அடியில்தான் தேடுவீர்கள்.

ஸ்கேலை எடுங்கள்

பழைய கிட்டைத் திருத்துவதில் முதல் கருவி கத்தி இல்லை, ஸ்கேல். உண்மை டிஃபையண்ட்டின் இறக்கை விரிவு 39 அடி 4 அங்குலம். அதை 72-ஆல் வகுத்தால் 166.5 மில்லிமீட்டர். நீளம் 35 அடி 4 அங்குலம், கிட்டில் 149.6 மில்லிமீட்டர் வர வேண்டும். பாகங்களை டேப்பால் சேர்த்துவைத்து அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் மறந்துவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாது. ஆரம்பத்திலேயே மூக்கை வெட்டி நீட்டுவது, இறக்கையைக் குறைப்பது என்று இறங்கினால் கிட் திரும்பப் பெட்டிக்குள்தான் போகும். நிறையப் பேர் வீட்டில் அப்படிப் பாதியில் நின்ற கிட் ஒன்று இருக்கும்.

நான் கடைப்பிடிப்பது இதுதான்: பார்ப்பவர் கண் முதலில் எங்கே போகுமோ, அங்கே மட்டும் உழைப்பைப் போடுவது. டிஃபையண்ட்டில் அது டரெட், விமானி உட்காரும் காக்பிட், இறக்கையின் பின்விளிம்பு, எஞ்சின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் குழாய்கள். இந்த நான்கும் சரியாக இருந்தால் மற்றதை யாரும் கேட்க மாட்டார்கள்.

அளந்து முடித்ததும் எல்லாப் பாகங்களையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து எளிதாக வர அடித்த எண்ணெயும் பல ஆண்டு தூசியும் சேர்ந்து வண்ணத்தைப் பிடிக்கவிடாது. கொதிநீர் கூடாது, வளைந்துவிடும். பாகங்களைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்க்காமல் நிப்பரால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் செதுக்குங்கள். ஓரங்களில் தோல்போல நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு பழைய அச்சுகளில் நிறைய இருக்கும். கத்தியின் முதுகால் சுரண்டினாலே வந்துவிடும். வெட்டிய சட்டத்துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ரிவெட்டுப் பிரச்சினை

அந்தக் காலத்துக் கிட்களின் அடையாளம் மேலெல்லாம் முத்து முத்தாக ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணித் தலைகள். ஒரு ரிவெட் தலை அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 72-ஆல் பெருக்கினால் 36 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயமே 27 மில்லிமீட்டர்தான். உண்மையான டிஃபையண்ட்டில் ரிவெட்டுகள் தகட்டோடு தகடாக அமுங்கியவை. வழவழப்பான உடல் அதன் பெருமைகளில் ஒன்று.

அதற்காக எல்லாவற்றையும் தேய்த்து மொட்டையடிக்க வேண்டும் என்றில்லை. சிலர் ரிவெட், மேடான தகட்டுக் கோடு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஊசியால் புதிதாகப் பள்ளக் கோடு கீறுவார்கள். முதல் கிட்டில் அதைச் செய்யாதீர்கள் என்பேன். கை நடுங்கி ஒரு கோடு கோணலானால் மற்றவற்றையும் கெடுத்துக் காட்டும். நான் செய்தது இடைவழி. 600 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு அழிரப்பரில் சுற்றி, ரிவெட் பாதி உயரத்துக்கு வரும்வரை தேய்த்து, 1000-ஆல் மெருகேற்றினேன். விரலால் தடவினால் தெரியும், வண்ணம் பூசியபின் சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் தெரியும். அது போதும்.

அதே கையோடு இறக்கையின் பின்விளிம்பையும் பாருங்கள். கிட்டில் அது ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால் நிஜத்தில் 72 மில்லிமீட்டர், கதவுப் பலகையைவிடத் தடிமன். மேல், கீழ் இறக்கைப் பாதிகளை ஒட்டுவதற்கு முன், உள்பக்கத்தை மட்டும் 400 எண் தாளில் வைத்துத் தேய்த்து மெலிதாக்குங்கள். வெளிப்பக்கம் தொட வேண்டாம். பத்து நிமிட வேலைதான், ஆனால் பொம்மை என்ற எண்ணத்தைப் போக்குவதில் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உள்ளே

பழைய கிட்டில் காக்பிட் என்றால் பெரும்பாலும் ஒரு இருக்கையும் அதில் ஒரு பொம்மை மனிதரும்தான். விமானியின் முகம் மெழுகுபோல் உருகியிருந்தால் விட்டுவிடுங்கள். தரைக்கு ஒரு துண்டு, பின்சுவருக்கு ஒன்று, முன்னால் கருவிப் பலகைக்கு ஒன்று என மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெட்டி ஒட்டினால் வெறும் குகை அறையாகிவிடும். உள்சுவரில் சட்டத்துண்டுகளைச் சின்னதாக வெட்டி விலாஎலும்புபோல வரிசையாக ஒட்டுங்கள். பிரிட்டிஷ் விமானங்களின் உள்நிறம் சாம்பல் கலந்த பச்சை, ஹம்ப்ரால் நிறுவன வண்ணத்தில் 78-ஆம் எண்.

இருக்கைப் பட்டைக்கு மாஸ்கிங் டேப்பை முக்கால் மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கி, வெளிர்பழுப்பு அடித்து, தோளிலிருந்து இரண்டும் இடுப்பிலிருந்து இரண்டுமாக ஒட்டினேன். மூடியபின் தெரிவது இந்த நான்கு பட்டையும் இருக்கையின் தலைப்பகுதியும்தான். கருவிப் பலகையில் எத்தனை முள் இருக்கிறது என்று யாரும் எண்ணப் போவதில்லை.

உடலின் இரு பாதிகளை மூடுவதற்கு முன் பசையில்லாமல் நான்கைந்து முறை பொருத்திப் பாருங்கள். இடிக்கும் இடத்தைச் செதுக்குங்கள். பல பழைய கிட்களில் டரெட்டை நடுவில் வைத்து மூடச் சொல்வார்கள். அப்படி மூடினால் வண்ணம் பூசும்போது கண்ணாடியைக் காப்பாற்றுவது பெரும்பாடு. டரெட்டின் அடித்தட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பிடிகளைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் கடைசியில் மேலிருந்து இறக்கி வைக்கலாம்.

ஒட்டும்போது இரு பாதிகளையும் லேசாக இடைவெளிவிட்டுப் பிடித்து, பசையை மூட்டில் ஓடவிட்டு, சில நொடி கழித்து அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் மெல்லிய நூலாக வெளியே பிதுங்க வேண்டும். அதைத் துடைக்காதீர்கள், அதுவே புட்டி. ரப்பர் பேண்ட் போட்டு ஒருநாள் விட்டுவிட்டு, மறுநாள் தேய்த்தால் மூட்டு மறைந்துவிடும்.

பெரிய சந்து இருந்தால் வெட்டிய சட்டத்துண்டுகளை நறுக்கி ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் பசையோடு ஊறவையுங்கள். இரண்டு நாளில் கூழாகிவிடும். அதே பிளாஸ்டிக் என்பதால் தேய்க்கும்போது உடலோடு ஒன்றாகவே தேயும். ஆனால் அள்ளிப் பூசாதீர்கள். இறக்கை உடலோடு சேருமிடத்தில் நான் அவசரத்தில் தடிமனாக அப்பிவிட்டுக் காலையில் பார்த்தேன், பிளாஸ்டிக் இளகி அரை அங்குலத்துக்குக் குழி விழுந்திருந்தது. எம்-சீலை வைத்து மேடாக்கி, திரும்பத் தேய்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதுதான் மிச்சம்.

டரெட்டும் துப்பாக்கியும்

இதுதான் இந்த விமானத்தின் முகம், நேரத்தை இங்கே தாராளமாகச் செலவிடுங்கள்.

கிட்டில் வரும் துப்பாக்கிக் குழல்கள் பெரும்பாலும் ஊதுபத்திக் குச்சி தடிமனில் இருக்கும். மருந்துக்கடையில் 27 கேஜ் ஊசி நான்கு வாங்குங்கள், புதிதாக, பிரிக்காததாக. வெளிவிட்டம் சுமார் 0.4 மில்லிமீட்டர், 72 மடங்கில் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர், பிரவுனிங் குழலுக்குப் பொருந்துகிற அளவு. துளையும் இயற்கையாகவே இருக்கிறது. வெட்ட நிப்பர் வேண்டாம், முனை நசுங்கிவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சின்ன அரத்தின் விளிம்பால் சுற்றிலும் கீறி, இடுக்கியால் ஒடியுங்கள். கூரான முனையை உடனே ஒரு டப்பாவில் போட்டு மூடுங்கள், வெறும் காலில் நடக்கிற வீடு. பிறகு பழைய குழல்களை வெட்டியெடுத்து, அதே இடத்தில் துளையிட்டு, ஃபெவிக்விக்கில் ஒட்டுங்கள். நான்கும் இணையாக இருக்கின்றனவா என்று மேலிருந்து ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை பாருங்கள். ஒன்று விலகினாலும் கண்ணை உறுத்தும்.

கண்ணாடிப் பாகங்களில் கீறல் இருந்தால் 2000 எண் தாளில் தண்ணீரோடு மெதுவாகத் தேய்த்து, பிறகு வெள்ளைப் பற்பசையைத் துணியில் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். முதலில் முழுவதும் மங்கும். பயப்படாதீர்கள், ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும்.

எக்ஸாஸ்ட் குழாய்களின் வாயைக் கத்தி முனையால் சுழற்றிக் குடைந்து உள்ளே கறுப்பு வையுங்கள். அவ்வளவுதான்.

இனி எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம். டிஃபையண்ட்டின் வயிற்றுக்கு அடியில் இரண்டு ரேடியோ கம்பங்கள் உண்டு. மேலே டரெட் சுழல்வதால் அங்கே கம்பம் வைக்க முடியாது. அடியில் வைத்தால் தரையில் இடிக்கும். அதனால் சக்கரங்கள் உள்ளே போகும்போது கம்பங்கள் வெளியே வரும்படி செய்தார்கள், சக்கரம் இறங்கினால் கம்பம் மடங்கிவிடும். எனவே சக்கரத்தை இறக்கி வைத்துக் கட்டுகிறீர்கள் என்றால் கம்பங்களை நீட்டி ஒட்டாதீர்கள். பறக்கும் நிலையில் ஸ்டாண்டில் வைப்பதாக இருந்தால் ஒட்டுங்கள். திருத்தம் என்றால் எப்போதும் எதையாவது சேர்ப்பது என்றில்லை.

வண்ணம்

வெளிர் சாம்பல் பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு. மூட்டில் மிச்சமிருக்கும் குறைகளை அது காட்டிக் கொடுத்துவிடும். சரிசெய்து மறுபடியும் பூசுங்கள்.

டன்கிர்க் காலத்து விமானத்துக்கு மேற்பக்கம் மண்பழுப்பும் அடர்பச்சையும்: ஹம்ப்ரால் 29, 30. அடிப்பக்கம்தான் வேடிக்கை. இடது இறக்கையின் அடி கறுப்பு, வலது இறக்கையின் அடி வெள்ளை. தரையிலிருந்து பார்க்கும் பிரிட்டிஷ் பீரங்கிக்காரர்களுக்கு இது தங்களுடையது என்று தெரிவதற்காக. 1940 ஜூனில் அதை விட்டுவிட்டு 'ஸ்கை' என்கிற இளம்பச்சை கலந்த வெளிர்நிறத்துக்கு மாறினார்கள். அது ஹம்ப்ரால் 90. ஆகஸ்ட் விமானம் செய்பவர்கள் அதைப் பூசுங்கள்.

வெள்ளையை முதலில் பூசி, காயவிட்டு, டேப்பால் மூடி, பிறகு கறுப்பு. எப்போதும் வெளிரிலிருந்து அடர்த்திக்குப் போங்கள். பிரஷ்ஷால் பூசுபவர்கள் வண்ணத்தைப் பால்போல இளக்கி, இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகப் பூசலாம். நம் வெயிலில் வண்ணம் பிரஷ்ஷிலேயே காய ஆரம்பித்துவிடும், அதனால் காலையிலோ மாலையிலோ உட்காருங்கள். மேல்நிறங்களை மாடலில் சற்று வெளிற வைப்பது நல்லது; நான் பச்சையில் துளி வெளிர்சாம்பல் கலந்தேன். டப்பாவிலிருந்து அப்படியே எடுத்துப் பூசினால் இந்தச் சின்ன அளவில் கருத்துத் தெரியும்.

பழுப்பேறிய டிகால்

டிகால் தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். மஞ்சள் பெருமளவு வெளுத்துவிடும். எனக்குப் பங்குனி வெயிலில் இரண்டு வாரம் ஆனது. மழை, ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு நேராகத் தண்ணீரில் போடாதீர்கள். நான் அப்படித்தான் ஒரு வட்டச் சின்னத்தைத் தட்டில் போட்டேன். அரை நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. இடுக்கியால் தொட்டதும் சத்தமில்லாமல் பன்னிரண்டு துண்டுகளாகப் பிரிந்து, சிவப்பும் நீலமுமாகத் தட்டெல்லாம் மிதந்தது. பழைய டிகாலின் மேல்படலம் காய்ந்து நொறுங்கியிருக்கும். முதலில் முழுத்தாளின் மேலும் கிளியர் வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துக் காயவிட்டு, ஒவ்வொரு சின்னத்தையும் ஓரத்தை ஒட்டி வெட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். தேவையில்லாத ஒரு சின்னத்தை முதலில் சோதித்துப் பாருங்கள்.

ஒட்டும் இடம் பளபளப்பாக இருக்க வேண்டும். மங்கலான வண்ணத்தின் மேல் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மின்னும். பளபளப்புத் தரும் கிளாஸ் (gloss) வார்னிஷ் அடித்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, டிகாலை நகர்த்தி நிறுத்தி, ஈரத்துணியால் நடுவிலிருந்து ஓரமாக ஒற்றுங்கள். ரிவெட் மேட்டில் படிய மைக்ரோ சால் போன்ற திரவம் உதவும். அது பட்டதும் டிகால் சுருங்கி மனதைக் கலக்கும். தொடாமல் விட்டால் தானே படிந்துவிடும்.

264-இன் குறியெழுத்து பி.எஸ். உங்கள் தாளில் அது இல்லையென்றாலோ நொறுங்கிப் போனாலோ 1/72 அளவு எழுத்துகள் தனியாகக் கிடைக்கின்றன. 1940 மே மாதத்தில் உடலின் வட்டச் சின்னத்துக்கு மஞ்சள் வளையமும் வால்துடுப்பில் மூவண்ணப் பட்டையும் புதிதாகச் சேர்ந்திருந்தன, கவனியுங்கள்.

கடைசியாக, பளபளப்பை அடக்கும் மேட் வார்னிஷ். மழைநாளில் ஸ்ப்ரே அடித்தால் ஈரம் சேர்ந்து வெள்ளையாகப் பூத்துவிடும். கார்த்திகையில் முடித்த கிட்டை நான் தை வரைக்கும் காத்திருந்துதான் அடித்தேன்.

கண்ணாடி மூடியையும் டரெட்டையும் இதற்கெல்லாம் பிறகே வையுங்கள். ஃபெவிக்விக் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியின் உள்பக்கம் பனிபோலப் படிந்துவிடும், எடுக்க முடியாது. ஃபெவிகாலைப் பல்குத்தும் குச்சியால் தொட்டு ஓரத்தில் ஓட்டினால் போதும், வெள்ளை காய்ந்து தெளிவாகிவிடும்.

அப்புறம், கண்ணாடிக் கதவு உள்ள அலமாரியாகப் பார்த்து வையுங்கள். என் டிஃபையண்ட்டை முதல் வாரம் திறந்த தட்டில் வைத்திருந்தேன். எதிரி விமானம் எதுவும் வரவில்லை, ஒரு பல்லிதான் வந்தது. நான்கு குழலில் இடதுபக்கத்துக் கடைசிக் குழல் அதற்குப் பிறகு இரண்டாம் முறை ஒட்டியது.